கம்யூட் என்றொரு பேரம்

அப்பா ஓய்வு பெற்ற வருஷம் எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய ஆங்கிலச் சொல் ‘கம்யூட்டேஷன்’. பென்ஷனில் ஒரு பங்கை அரசிடமே விட்டுவிட்டு, அதற்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையைக் கையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. மத்திய அரசு ஊழியர் 40 விழுக்காடு வரை இப்படி விட்டுக்கொடுக்கலாம். 15 ஆண்டு கழித்துத்தான் முழுப் பென்ஷன் மறுபடி வரத் தொடங்கும். அப்பாவின் சக ஊழியர்கள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் இதே பேச்சுதான். “மாசாமாசம் வர்றதை விட்டுட்டு மொத்தமா வாங்கினா செலவாயிடும் சார்” என்பார் ஒருவர். “பொண்ணு கல்யாணத்துக்கு வேற எங்க போய்க் கேப்பீங்க?” என்பார் இன்னொருவர்.

அந்த நாட்களில்தான் நான் அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு தினமும் ரயிலில் போய்வரத் தொடங்கியிருந்தேன். ஊரில் கேட்டால் “டெய்லி அப் அண்ட் டவுன்” என்பேன். ஆபீஸில் அதையே ‘கம்யூட்’ என்றார்கள். வீட்டில் அப்பா பேசியதும் ஆபீஸில் என்னைப் பற்றிப் பேசியதும் ஒரே சொல். இரண்டுக்கும் நடுவில் என்ன உறவு என்று தேடப் போனபோது கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். தினமும் பஸ்ஸிலோ ரயிலிலோ கம்பெனி வண்டியிலோ போய்வருகிற ஒவ்வொருவருக்கும் இதில் சொந்தமான ஒரு விஷயம் இருக்கிறது.

‘கம்யூட்’டின் வேர் லத்தீன். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறுவது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைப்பது என்பதுதான் அடிப்படைப் பொருள். பயணம், சாலை, வண்டி எதுவும் அதற்குள் கிடையாது. தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைப்பதற்கு ஆங்கிலத்தில் இதே சொல். 2014 பிப்ரவரியில் ராஜீவ் கொலை வழக்கில் மூவரின் தூக்கை உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தபோது, தமிழ்ப் பத்திரிகைகளில் ‘தண்டனைக் குறைப்பு’ என்று வந்ததும் ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘கம்யூட்’ என்று வந்ததும் ஒன்றுதான். பள்ளிக் கணக்கில் இரண்டோடு மூன்றைக் கூட்டினாலும் மூன்றோடு இரண்டைக் கூட்டினாலும் விடை ஒன்று என்று படித்தோமே, தமிழ்ப் பாடநூலில் அது ‘பரிமாற்றுப் பண்பு’. ஆங்கிலப் பாடநூலில் இந்தச் சொல்லின் உறவுக்காரச் சொல். இங்கிலாந்தில் விவசாயிகள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்கு அளந்துகொண்டிருந்தார்கள். தானியமாகக் கொடுக்க வேண்டாம், பணமாகக் கொடுத்தால் போதும் என்று 1836-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலும் ‘கம்யூட்டேஷன்’ இருக்கிறது.

இப்படிச் சட்டத்திலும் கணக்கிலும் வரி வசூலிலும் இருந்த சொல் ரயிலில் ஏறியது அமெரிக்காவில்.

1840-களில் நியூயார்க், பாஸ்டன் போன்ற நகரங்களைச் சுற்றி ரயில் பாதைகள் முளைத்தன. கம்பெனிகள் பெரிதும் நம்பியது தொலைதூரப் பயணிகளையும் சரக்கையும்தான். நகரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஊர்களில் பெட்டிகள் பாதி காலியாக ஓடின. வண்டி எப்படியும் ஓடப்போகிறது, நிலக்கரி எரியப்போகிறது, ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்தக் காலி இருக்கையில் தினமும் ஒருவர் உட்கார்ந்தால் வருவதெல்லாம் லாபம். ஆகவே ஒரு பேரம் பேசினார்கள்: நீங்கள் மாதத்துக்கோ காலாண்டுக்கோ முன்பணம் கட்டிவிடுங்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக வாங்கும் முழுக் கட்டணத்தை நாங்கள் ‘கம்யூட்’ செய்கிறோம். அதாவது, பல சிறு கட்டணங்களுக்குப் பதில் ஒரு குறைந்த மொத்தக் கட்டணம். பென்ஷனில் நடக்கிற அதே கணக்கு. அந்தச் சீட்டுக்குப் பெயர் ‘கம்யூட்டேஷன் டிக்கெட்’. அதை வைத்திருந்தவர் 1860-களில் ‘கம்யூட்டர்’ ஆனார். தினமும் வேலைக்குப் போய்வருவது என்ற பொருளில் ‘கம்யூட்’ என்ற வினைச்சொல் அதற்கும் பிறகு, 1880-களின் இறுதியில்தான் அச்சில் தலைகாட்டுகிறது.

முதலில் சீட்டு, பிறகு ஆள், கடைசியில் செயல். இந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஆளின் பெயர் அவர் போகிற தூரத்திலிருந்து வரவில்லை, அவர் செய்துகொண்ட பேரத்திலிருந்து வந்தது.

இந்தப் பேரம் சின்ன விஷயமாக இருக்கவில்லை. 1887-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ரயில் கம்பெனிகளை ஒழுங்குபடுத்த முதல் பெரிய சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரே சேவைக்கு ஒருவரிடம் ஒரு கட்டணமும் மற்றவரிடம் வேறு கட்டணமும் வாங்கக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. அப்படியானால் அன்றாடப் பயணிக்குத் தரும் சலுகைச் சீட்டும் பாரபட்சம்தானே? அந்தக் கேள்வி எழும் என்று தெரிந்தே, கம்யூட்டேஷன் சீட்டுக்கு அந்தச் சட்டத்தில் பெயர் சொல்லி விலக்கு கொடுத்தார்கள். அதற்குள் அந்தச் சீட்டை நம்பி வீடு கட்டியவர்கள் அவ்வளவு பேர் ஆகிவிட்டார்கள். ஊர்ப்புறத்தில் வீடு, நகரத்தில் வேலை என்ற வாழ்க்கையே அதன் மேல் நின்றது.

ஆங்கிலத்தில் பயணத்துக்கு வேறு சொற்கள் இல்லாமல் இல்லை. ‘ட்ராவல்’ பிரெஞ்சு மொழியில் வேலையையும் பாடுபடுவதையும் குறிக்கிற சொல்லின் வழி வந்தது. ‘ஜர்னி’ ஒரு பகல் நேரத்தில் கடக்கக்கூடிய தொலைவு. ‘டூர்’ கடைசல் பிடிப்பதோடு சம்பந்தப்பட்டது, சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருவது. ‘வாயேஜ்’ என்ற சொல்லின் மூலத்துக்குப் பொருள் கேட்டால் நம் பாட்டிமாருக்குச் சந்தோஷமாக இருக்கும்: வழிக்கு எடுத்துப்போகிற கட்டுச்சோறும் காசும். இவை எல்லாவற்றிலும் உடம்போ நேரமோ பாதையோ சோறோ இருக்கிறது. கொடுக்கல் வாங்கலிலிருந்து பிறந்தது ‘கம்யூட்’ மட்டும்தான். புழக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு: திருப்பதிக்கு ஒரு நாள் போய்வந்தால் அது ‘ட்ரிப்’, ‘கம்யூட்’ ஆகாது. திரும்பத் திரும்ப, வேலைக்கோ படிப்புக்கோ, வீட்டுக்கும் அந்த இடத்துக்குமாகப் போய்வந்தால்தான் இந்தச் சொல் பொருந்தும். உச்சரிக்கும்போது அழுத்தம் பின்பாதியில் விழ வேண்டும்.

இங்கிலாந்தில் இதே சீட்டுக்கு ‘சீசன் டிக்கெட்’ என்று பெயர். நமக்கு வந்து சேர்ந்தது அந்தப் பெயர்தான். ஆனால் லண்டனில் நடந்த பேரத்தின் கதை அமெரிக்கக் கதையை விடக் கனமானது. ரயில் கம்பெனிகள் நகரத்துக்குள் பாதையும் நிலையமும் கொண்டுவர ஏழைகளின் குடியிருப்புகளை இடித்தன. லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்காகக் கிரேட் ஈஸ்டர்ன் கம்பெனி அனுமதி கேட்டபோது, நாடாளுமன்றம் 1864-இல் ஒரு நிபந்தனை போட்டது: வீடிழக்கும் தொழிலாளர்களுக்காக அதிகாலையில் மலிவு வண்டி விட வேண்டும், போகவர இரண்டு பென்னிதான் வாங்க வேண்டும். எட்மண்டன், வால்தம்ஸ்டோ போன்ற பகுதிகள் தொழிலாளர் குடியிருப்புகளாக வளர்ந்தது இந்த இரண்டு பென்னியால்தான். 1883-இல் மலிவு ரயில் சட்டம் வந்து, தொழிலாளர் வண்டி விடும் கடமையை எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக்கியது. அந்தச் சீட்டு செல்லுபடியாக வேண்டுமானால் விடியற்காலை வண்டியில் வந்துவிட வேண்டும். வேலை எட்டு மணிக்கு என்றாலும் ஆறு, ஏழு மணிக்கெல்லாம் நகரத்தில் இறங்கி, பட்டறைக் கதவு திறக்கும்வரை தெருவில் காத்திருக்க வேண்டும். கட்டணத்தில் குறைந்ததைத் தூக்கத்தில் கட்டினார்கள்.

பேரத்தின் இந்தப் பக்கத்தைத்தான் நான் விடாமல் பார்க்க விரும்புகிறேன். ரயில் கம்பெனி எதை விட்டுக்கொடுத்தது என்பது சீட்டில் அச்சிட்டிருக்கும். பயணி எதை விட்டுக்கொடுத்தார் என்பது எங்கும் அச்சாவதில்லை.

இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாயில், விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜில் மின்சார ரயில் வந்தது 1931 மே மாதம். மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று அந்தப் பாதையில் குடும்பங்கள் மனை வாங்கிக் குடியேறியதற்கு அந்த வண்டிதான் தைரியம் கொடுத்தது. ஜார்ஜ் டவுன் ஆபீஸில் கிளார்க் வேலை, தாம்பரம் பக்கம் கிணற்றோடு வீடு என்று வாழ முடிந்தது. அந்த மீட்டர் கேஜ் வண்டிகள் 2004 வரை ஓடின. ஏறியவர்களுக்குப் படிக்கட்டின் உயரம் இன்னும் நினைவிருக்கும்.

எங்கள் அரக்கோணம் பாதை அகலப்பாதை. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் 69 கிலோமீட்டர். அந்த வண்டியில் ‘சீசன்காரர்’ என்றால் ஒரு தனி அந்தஸ்து உண்டு. புதிதாக ஏறுகிறவருக்கு எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று தெரியாது, சீசன்காரர் பிளாட்பாரத்தில் சரியாகக் கதவு வரும் இடத்தில் நின்றிருப்பார். கர்சீஃப் போட்டு இடம் பிடிப்பது, ஒரே பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்து நாலு பேர் படிப்பது, திருவள்ளூர் வந்ததும் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்பவருக்கு இடம் கொடுப்பது, இதெல்லாம் எழுதாத சட்டம். பெண்கள் பெட்டியில் சாயங்காலம் பார்த்தால் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்கள், அவரை உரித்துக்கொண்டிருப்பார்கள், பூ கட்டிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், அதற்குள் முடிகிற வேலையை வண்டியிலேயே முடிக்கிறார்கள். அதைப் பார்த்து ரசித்து எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ரசிக்க ஒன்றும் இல்லை. ஆபீஸில் எட்டு மணி நேரம் உழைத்தவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய நேரம் அது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பெட்டியின் வாசலில் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுப்போம். கார்டுக்கும் ஓட்டுநருக்கும் சால்வை போடுகிற குழுக்கள்கூட உண்டு. யாரும் சொல்லிச் செய்வதில்லை. தினமும் சுமந்துபோகிற வண்டி என்ற நன்றி.

சீசனின் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், வாங்குகிற பலருக்கே இது தெரியாது. மாதம் முழுக்கப் போய்வந்தால் ஏறக்குறைய ஐம்பது, அறுபது ஒற்றைப் பயணம் ஆகும். இரண்டாம் வகுப்பு மாதச் சீசனின் கட்டணம் நெடுங்காலமாகச் சுமார் 15 ஒற்றைப் பயணக் கட்டணத்தை ஒட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. மூன்று மாதச் சீசன் அதிலும் மலிவு, மாதச் சீசனைப் போல 2.7 மடங்குதான். 150 கிலோமீட்டர் வரை உள்ள தூரத்துக்குச் சீசன் கிடைக்கும். காட்பாடியிலிருந்து சென்னைக்குத் தினமும் வேலைக்கு வருகிறவர்கள் இருப்பது இதனால்தான். பள்ளி, கல்லூரிக்குப் போய்வரும் பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையும், பையன்களுக்கு 12-ஆம் வகுப்பு வரையும் இரண்டாம் வகுப்புச் சீசனுக்குக் கட்டணமே கிடையாது. முன்பதிவுப் பெட்டியில் மட்டும் சீசனை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது.

இந்த ‘15’ என்ற எண்ணின் மேல் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை 2014 ஜூனில் பார்த்தோம். ரயில் கட்டணங்களை உயர்த்தியபோது, இனி சீசன் 15 பயணத்துக்குப் பதில் 30 பயணக் கணக்கில் போடப்படும் என்று அறிவித்தார்கள். சீசன் ஒரே அடியில் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். பம்பாயில் கொந்தளிப்பு எழுந்தது. மத்தியில் ஆண்ட கூட்டணியின் மகாராஷ்டிர எம்.பி.க்களே டெல்லிக்குப் போய் ரயில்வே அமைச்சர் சதானந்த கௌடாவைப் பார்த்தார்கள். சில நாட்களுக்குள் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டு, பழைய 15 பயணக் கணக்கே நிலைத்தது. புறநகர் ரயிலில் ரயில்வேக்கு நஷ்டம் என்பது உண்மைதான். ஆனால் அந்த நஷ்டத்தை மட்டும் தனியாக எடுத்துப் பேசுவது பேரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் படிப்பது. கடைக்காரருக்கும் வங்கிக்கும் துறைமுகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காலை ஒன்பது மணிக்கு ஆள் வந்து நிற்கிறார் என்றால், அந்த ஆளை அங்கே கொண்டுவந்து சேர்த்த செலவு அவர்களுடைய கணக்கில் எங்கும் இல்லை.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார். போக்குவரத்து ஆய்வாளர் யாக்கோவ் ஸஹாவியின் கண்டுபிடிப்பை ஒட்டி அவர் சொன்னது இது: எந்த ஊரானாலும், எந்தக் காலமானாலும், மனிதர்கள் சராசரியாக ஒரு நாளைக்குப் பயணத்துக்குச் செலவிடுவது ஒரு மணி நேரம்தான். நடந்துபோன காலத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால், அரை மணியில் போய் அரை மணியில் திரும்ப இரண்டரை கிலோமீட்டர். பழைய நகரங்கள் பெரும்பாலும் அந்த அளவுக்குள்தான் அடங்கியிருந்தன. வேகமான வண்டி வந்தபோது நேரம் மிச்சமாகவில்லை, வீடுதான் தள்ளிப்போனது. கட்டுரையின் இந்தப் பாதி என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ஒரு மணி நேரம் என்ற பாதி ஒத்துப்போகவில்லை. அரக்கோணம் வண்டியில் வருகிற ஒருவருக்கு வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசலுக்கு ஒரு திசைக்கே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். சராசரி என்பது எல்லோரையும் சேர்த்துப் போடுகிற கணக்கு. நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடிந்தவரின் இருபது நிமிஷமும், முடியாதவரின் நாலு மணி நேரமும் அதற்குள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

வாடகை மிச்சம், நேரம் செலவு. இதுதான் இன்றைய ‘கம்யூட்’டின் உண்மையான மாற்று. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள தொழிற்சாலைகளின் பேருந்துகள் செய்யாறு, வந்தவாசி, அரக்கோணம் பக்கமெல்லாம் போய் ஆள் ஏற்றிவருகின்றன. காலை ஆறு மணி ஷிப்டுக்கு விடிவதற்கு முன்பே பெண்கள் முச்சந்தியில் நிற்கிறார்கள். பஸ் இலவசம், சரி. எட்டு மணி நேர ஷிப்டோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் அவருடைய வேலை நாள் எவ்வளவு? அந்தக் கூட்டலை யார் செய்கிறார்கள்? கம்பெனிக்குக் கிராமத்துச் சம்பளத்தில் ஆள் கிடைக்கிறது. கிராமத்தில் வீடு இருப்பதால் அந்தச் சம்பளம் கட்டுப்படியாகிறது. நடுவில் இருக்கும் தூரத்தை அந்தப் பெண் தன் தூக்கத்தால் நிரப்புகிறார். லண்டனின் இரண்டு பென்னி வண்டியிலிருந்து இது அதிக தூரம் வந்துவிடவில்லை.

பேரத்தைப் பயணியின் பக்கம் சாய்க்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆக்கினார்கள். இதனால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும், துணிக்கடையில் நிற்கிறவருக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும் அது சின்னத் தொகை இல்லை. அதை விடப் பெரியது, இரண்டு ஸ்டாப் தள்ளி இருக்கும் நல்ல வேலையைத் தேடிப்போகும் துணிச்சல். பஸ் காசுக்குப் பயந்து பக்கத்துத் தெரு வேலையோடு நின்றவர்கள் தூரத்து வேலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா இப்போது மார்க்கெட்டுக்குத் தானே போய் வாங்கிவருகிறார். நடுவில் ஒரு கை குறைந்தது.

ஜப்பானில் பெரும்பாலான கம்பெனிகள் ஊழியரின் ரயில் பாஸுக்குத் தாமே பணம் கொடுக்கின்றன, மாதம் 1,50,000 யென் வரை அதற்கு வரியும் கிடையாது. பிரான்ஸில் பொதுப் போக்குவரத்துப் பாஸின் விலையில் பாதியை முதலாளி திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆளை வரவழைப்பதும் தொழில் நடத்தும் செலவில் சேர்த்தி என்பதை அந்த நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

நம் சட்டம் அதை ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் எடுத்தது. குஜராத்தில் போர்பந்தர் பக்கம் உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடித்து ஒரு கழியைப் படகில் கடந்து வீடு திரும்பும்போது படகு கவிழ்ந்து சிலர் இறந்தார்கள். பணியிடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு நடந்தது, வேலையின்போது நடந்ததாகாது என்று 1958-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு கேரளத்தில் ஒரு வழக்கு. 1971-இல் ஒரு தொழிலாளி நாலரை மணி ஷிப்டுக்குச் சைக்கிளில் போகிறார். மணி நாலேகால், தொழிற்சாலைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர். லாரி மோதிக் காறை எலும்பு முறிகிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்து 1996-இல் தீர்ப்பு: சாலையில் நடந்தது வேலைக் காயம் இல்லை. பதினைந்து நிமிஷமும் ஒரு கிலோமீட்டரும் அவரை வெறும் வழிப்போக்கர் ஆக்கிவிட்டன. வேலை இல்லையென்றால் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் அவருக்கு என்ன சோலி?

2010-இல்தான் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமான இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன் தலைப்பிலேயே ‘கம்யூட்’ இருந்தது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதோ, வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போதோ விபத்து நடந்தால், அந்த நேரத்துக்கும் இடத்துக்கும் சூழலுக்கும் வேலையோடு தொடர்பு இருக்கிறது என்று நிறுவினால், அது வேலையில் ஏற்பட்ட காயமாகவே கொள்ளப்படும் என்றது அந்தப் பிரிவு. அமெரிக்க ரயில் கம்பெனியின் சலுகைச் சீட்டில் பிறந்த சொல், இந்தியத் தொழிலாளியின் உரிமைக்குப் பெயராக வந்து நின்றது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி.

இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கு? அதற்கும் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. 2003-இல் அதிகாலை மூன்று மணிப் பணிக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். இழப்பீட்டு ஆணையர் குடும்பத்துக்குச் சாதகமாக உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் ஆணையரின் உத்தரவை மீட்டுக் கொடுத்தது: 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலும் ‘வேலையின்போது, வேலை காரணமாக’ என்ற சொற்களுக்கு இதே பொருள்தான், வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணமும் அதற்குள் வரும், நேரம், இடம், சூழல் பொருந்தினால் போதும்.

இதைப் படிக்கிறவர்களில் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர் யாராவது இருந்தால், அல்லது உங்கள் வீட்டிலிருந்து அப்படி ஒருவர் போய்வந்தால், ஒரு வேலை செய்து வையுங்கள். ஷிப்ட் அட்டவணையை ஒவ்வொரு மாதமும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். சீசன் டிக்கெட்டையும் பஸ் பாஸையும் மாதம் முடிந்ததும் தூக்கிப் போடாதீர்கள். வழக்கமாகப் போகிற பாதை எது, வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். ஏதாவது நேர்ந்தால் போலீஸ் புகாரிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ‘வேலைக்குப் போகும் வழியில்’ அல்லது ‘வேலை முடிந்து திரும்பும் வழியில்’ என்று நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். பயணத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நிறுவுவதற்கு இவைதான் சான்று.